கணக்கில் சேராத நாட்கள்

எங்கள் ஊர் கிணத்துக்கடவில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு தை மாதம் என் வீட்டுக்காரருடைய முகம் தொங்கியது. ஆள் உயரத்துக்கும் மேலான ஃப்ளெக்ஸ். கோட்டுப் போட்ட உடம்பு வேறு யாருடையதோ. முகம் மட்டும் இவருடையது. "கணிதச் சிங்கம் முனைவர் குமாரசாமி அவர்களை வாழ்த்தி மகிழ்கிறோம்" என்று மேலே எழுதி, கீழே கைகூப்பி நின்றார் என் அண்ணன் ஐயாசாமி. தேங்காய் வியாபாரம் செய்கிறவர். அவருடைய படம் சிங்கத்தின் படத்தைவிட ஒரு சுற்றுப் பெரிது.

சிங்கம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலில் உட்கார்ந்தது.

"அம்மணி, உன்ற அண்ணனுக்குச் சித்தெ எடுத்துச் சொல்லு. பட்டம் இன்னும் வரலை. வைவா இருக்குது."

"படிச்சுப் பார்த்த ரெண்டு பேரும் நல்லாருக்குதுன்னு எழுதி அனுப்பிச்சுட்டாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"ரிப்போர்ட் வந்துருச்சு. பட்டம் வரலை. நெருங்கீருச்சு, அவ்வளவுதான்."

வைவா என்பது எல்லாரும் உட்கார்ந்து பார்க்க, வெளியூரிலிருந்து வரும் பேராசிரியர் முன்னால் நின்று, எழுதிய ஆராய்ச்சிக்குப் பதில் சொல்வது. அது முடிந்தால்தான் பேருக்கு முன்னால் முனைவர் போடலாம்.

நெருங்குவது என்ற சொல் அவர் வாயில் புழங்கிய அளவுக்கு எங்கள் வீட்டில் உப்பு புழங்கியிருக்காது. கோயமுத்தூருக்குப் போகும் வழியில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு வாத்தியார் அவர். எந்த எண் எதை நெருங்குகிறது என்பதையே ஆயுசுக்கும் சொல்லிக்கொடுத்தவர். வீட்டிலும் அதே பேச்சுத்தான். "சாப்பிட வாங்க" என்றால் "நெருங்கீட்டேன்" என்பார். சாதம் ஆறிப் போயிருக்கும். அண்ணன் சாலையில் இவரைப் பார்த்தால், "மாப்ள, ஊட்டுக்கு வந்துட்டீங்களா, வந்துட்டே இருக்கறீங்களா?" என்று கேட்காமல் விட்டதில்லை.

அவர் எனக்கு அத்தை மகன். நான் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். எம்.எஸ்ஸி. படித்த மாப்பிள்ளை டவுனில் படித்த பெண்ணைத்தான் கட்டுவார் என்று உறவில் எல்லாரும் முடிவு கட்டியிருந்த நேரத்தில், அவரே வந்து என் அப்பாவிடம் கேட்டார். என்னிடம் தனியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் பேசீட்டே இருப்பேன். புரியலைன்னா புரியலைன்னு சொல்லுவியா?" சொல்வேன் என்றேன். அந்த ஒரு வாக்கைத்தான் இத்தனை வருசமாகக் காப்பாற்றி வருகிறேன். புரியவில்லை என்று அவரிடம் சொன்ன அளவுக்கு நான் வேலவனிடம்கூட எதையும் சொல்லியிருக்க மாட்டேன். ஒருமுறையாவது முகம் சுளித்திருப்பாரா? மறுக்கா முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்படி ஓர் ஆளை எனக்குக் கொடுத்ததற்காகத் தினமும் கும்பிடுகிறேன்.

நடுவயதில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தார். வேலைக்குப் போய்க்கொண்டே செய்வது. என்னதான் ஆராய்ச்சி என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்ன காலை நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பொன்மலை மேல் வேலாயுதசாமி இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் படியேறி ஒரு விளக்கு வைப்பது என் வழக்கம். அன்றைக்கும் எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"அம்மணி, நீ தெனமும் மலைக்குப் போறவதானே?"

"ஆமாங்க."

"ஐப்பசி மழைல போகலையே."

"படி வழுக்குமுங்க. அதெல்லாம் கணக்குல சேராது."

"நந்திதா பொறந்தப்ப?"

"தீட்டுங்க. அதும் சேராது."

"ஒறம்பரை வந்து ஊடு நெறைஞ்சிருக்கறப்ப?"

"ஏனுங்க, வெளக்கு வெக்கப் போறவளை நிறுத்தி வெச்சுக் கேஸு நடத்தறீங்க? அதெல்லாம் கணக்குல சேராதுங்க. நான் தெனமும் போறவதான்."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அந்தக் கணக்குல சேராததுதான் என்ற ஆராய்ச்சி" என்றார்.

மலையடிவாரம் வரைக்கும் கூடவே நடந்து வந்து சொன்னார். பழைய முறைப்படி, ஒரு வரிசை ஓரிடத்தை நெருங்குகிறது என்றால், ஏதோ ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒருமுறைகூட அது விலகிப் போகக் கூடாதாம். அப்படிப் பார்த்தால் என்னைக் கோயிலுக்குப் போகிறவள் என்றே சொல்ல முடியாது. ஐப்பசி வருசா வருசம் வரும். நானும் வருசா வருசம் விட்டுவிடுவேன். அதற்கு முடிவே கிடையாது. இவர் படிக்கிற புது முறையில் விலகிய நாட்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கலாம். ஆனால் அவை எல்லாம் 'கணக்கில் சேராதவை' என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்த வகைக்குள் அடங்க வேண்டும். அந்த வகைக்கு ஐடியல் என்று பெயராம்.

"அப்படீன்னா நான் எதை வேணுன்னாலும் சேராதுன்னு ஒதுக்கிப்போடலாமுங்களா?"

"அங்கதான் சட்டம் இருக்குது. சேராததுன்னு ஒண்ணை ஒதுக்கினா, அதுல ஒரு பகுதியும் சேராது. சேராத ரெண்டை ஒண்ணாக் கட்டினா, அந்தக் கட்டும் சேராது. ஆனா எல்லா நாளையும் மொத்தமாச் சேராதுன்னு தள்ளறதுக்கு ஆகாது."

"எங்க அண்ணன் வெரதம் இருக்கற மாதிரி தள்ளக் கூடாது."

"அதேதான். ஐயாசாமி மச்சானுக்கு அந்த மூணாவது சட்டம் தெரியாது."

அந்த வரிசை நடக்கிற இடத்தைப் பற்றியும் சொன்னார். டேப் பிடித்துத் தூரம் அளக்க முடியாத இடமாம். ஆனாலும் ஒன்றுக்குப் பக்கம் எது என்று சொல்ல முடியுமாம். எப்படி என்று கேட்டேன். மலையைக் காட்டினார். சாமியைச் சுற்றி அடிவாரம் ஒரு சுற்று. அதற்குள் படிக்கட்டு, அதற்குள் மண்டபம், அதற்குள் கருவறை வாசல். நீ எந்தச் சுற்றைக் கேட்டாலும், அதற்கு வெளியே நின்ற நாட்கள் கணக்கில் சேராத வகையாக இருந்தால், நீ சாமியை நெருங்குகிறாய் என்று அர்த்தம்.

அன்றைக்குப் படியேறும்போது என் உடம்பே லேசாக இருந்தது. அதுவரைக்கும் விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் ஏறுவேன். பாதி மலைக்குள் மூச்சு முட்டும். அன்றிலிருந்து மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டு, வந்த நாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். கணக்கு வாத்தியார் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

ஆராய்ச்சியை எழுதி முடிக்கப் பல வருசம் ஆனது. அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் கோவிந்தராஜுலு என்ற பேராசிரியர். ஓய்வு பெறும் வயதை எட்டியவர். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு அந்த வருசத்தோடு முடிந்தது. கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள். முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு வரும் ஜூனிலிருந்து வகுப்பு கிடையாது. அந்த நெருக்கடியில்தான் ஆராய்ச்சியைக் கொடுத்து, பார்த்த இருவரும் நன்றாக இருக்கிறது என்று எழுதி, வைவாவுக்குத் தேதியும் வந்தது. அண்ணன் அவசரப்பட்டு ஃப்ளெக்ஸ் கட்டியதற்கு அதுதான் காரணம். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. பேருந்து ஏறப் போகிற சாக்கில் எதிரே நின்று பார்த்துவிட்டு, ஏறாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

வைவாவுக்கு முந்திய வாரம், வீட்டிலேயே பேசிப் பழக ஆரம்பித்தார். கேட்பதற்கு நான்தான். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, முன்னால் பெரிய சபை இருக்கிற மாதிரி கையை ஆட்டிப் பேசினார்.

"சாமியைச் சுத்தி அடிவாரம், படி, மண்டபம், கருவறைன்னு சொன்னனல்ல? என்ற கணக்குல இது முடியாது. உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள சுத்து வந்துட்டே இருக்கும்."

"செரிங்க."

"ஒவ்வொரு சுத்துக்கும், அதுக்கு வெளிய நின்ன நாளெல்லாம் கணக்குல சேராது. இது வரைக்கும் புரியுதா?"

"புரியுதுங்க. அந்தத் தட்டத்தை இங்க நகத்துங்க."

தட்டத்தை நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார். "இப்ப என்ற தேற்றம். அடிவாரத்துக்கு வெளிய நின்ன நாளை எடுத்து ஒதுக்கறேன். மண்டபத்துக்கு வெளிய நின்னதையும் எடுத்து ஒதுக்கறேன். இப்படியே எல்லாச் சுத்துக்கும் எடுத்ததை ஒண்ணாக் கட்டி, கணக்குல சேராதுன்னு வீசிப்போடறேன். மிச்சம் இருக்கற நாள்ல பார்த்தா, நீ பழைய முறைப்படியே ஒழுங்காப் போறவளா..."

நின்றுவிட்டார்.

அடுத்த வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்தேன். "தண்ணி வேணுங்களா?"

"ரெண்டைக் கட்டலாம்" என்றார் மெதுவாக. "பத்தைக் கட்டலாம். நூறைக் கட்டலாம். முடிவே இல்லாததை எப்படிக் கட்டினேன்?"

"என்னதுங்க?"

"சட்டம் ரெண்டைக் கட்டறதுக்குத்தான். ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சங் கொஞ்சம் நாளு ஒதுக்கினேன். சுத்து முடியறதே இல்லை. எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தா, நீ போன நாள்னு ஒண்ணுகூட மிஞ்சாமப் போயிரலாம்."

"அப்ப நான் கோயலுக்கே போகாதவளுங்களா?"

"நீ போறவதான் அம்மணி. நான் எழுதுனதுதான் தப்பு."

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெங்காயம் உரித்த என் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர். அவருக்காக அழுகிறேன் என்று நினைத்து, "அழுவாத, அழுவாத" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அழவில்லை, வெங்காயம் என்றேன். ஆனால் அதற்குப் பிறகு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

ஆராய்ச்சிப் புத்தகத்தில் நாலாவது அத்தியாயம் முழுக்க அந்தத் தேற்றத்தின் மேல் நின்றது. ஐந்தாவது, நாலாவதின் மேல் நின்றது. இதை அவர் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. படித்துப் பார்த்த இருவருக்குமே அது கண்ணில் படவில்லை. சொன்னால் வைவா என்ன ஆகும், ஜூனில் வேலை என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அண்ணன் வந்தார். வைவாவுக்கு எத்தனை பெட்டி லட்டுச் சொல்லலாம் என்று கேட்கத்தான் வந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சமும் கலங்கவில்லை.

"ஒரே ஒரு ஓட்டைதானுங்களே மாப்ள? நீங்களே சொல்லுவீங்கல்ல, சின்னதெல்லாம் சேராதுன்னு. அதைக் கணக்குல சேராதுன்னு உட்டுப்போடுங்க."

"ரெண்டு அத்தியாயம் அது மேல நிக்குதுங்க மச்சான். மொத்தத்தைச் சேராதுன்னு தள்றதுக்குச் சட்டம் இல்லை."

"சட்டம் போட்டது யாருங்க?"

"அதும் நாங்கதான்."

"பின்ன என்னுங்க. போட்டவங்களுக்கு மாத்தத் தெரியாதுங்களா?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மணி, ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. ஊரே பார்த்துருச்சு. இப்பப் போயி இவரு சிங்கம் இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?"

கோவிந்தராஜுலு அய்யாவுக்கு இவர் ஃபோன் போட்டார். சத்தமாக வைத்துப் பேசியதால் நானும் கேட்டேன். இவர் தப்பை எடுத்துச் சொன்னார். பிறகு, "நானும் பார்க்கலையே, குமாரசாமி" என்றார் அய்யா. "வைவா முடியட்டும். அப்புறம் திருத்தி ஒரு கட்டுரையாப் போட்டுக்கலாம். நெறைய பேரு அப்படித்தான் செய்யறாங்க. உங்களுக்கு ஜூன் வருது." இவர் புத்தகத்தை மூடி வைத்தார். அய்யாவே மறுபடியும், "சொல்லணும்னு தோணினாச் சொல்லுங்க. நான் உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார். அந்த வார்த்தைக்காக அவரையும் என் கும்பிடில் சேர்த்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து இவர் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். நெருங்கீட்டேன் என்ற வார்த்தையே வீட்டில் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பூக் கேட்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் சாமியிடம் பூக் கேட்பது உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில் மடித்துச் சாமி காலடியில் வைத்து, மனதுக்குள் கேள்வியைச் சொல்லிவிட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் ஆகும். சிவப்பு வந்தால் ஆகாது. இவர் சொல்லாமல் இருந்துவிட்டால் தப்பா என்று கேட்கத்தான் படியேறினேன். சந்நிதி முன்னால் நின்றதும் அந்தக் கேள்வி நெஞ்சை விட்டு வெளியே வரவில்லை. முருகனைப் பார்த்து அதை எப்படிக் கேட்பது? கேள்வியை மாற்றிக்கொண்டேன். இவருக்குப் பட்டம் கிடைக்குமா?

கும்பிட வந்த ஒரு பாப்பா பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தேன். வெள்ளை அரளி.

இறங்கியதா, பறந்ததா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து பூவை அவர் கையில் வைத்தேன்.

"பட்டம் கெடைக்கும்னு சாமி சொல்லீட்டாருங்க. நீங்க ரோசனை பண்ணாம, பேசாமப் போயிட்டு வாங்க."

பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெசமாவே கெடைக்கும்னு சொன்னாரா?"

"வெள்ளைப் பூங்க. கண்ணால பார்க்கறீங்கல்ல?"

"நான் சொன்னாக் கெடைக்கும், சொல்லாட்டிக் கெடைக்கும்னு ஏதாச்சும் பிரிச்சுக் கேட்டியா?"

"இல்லீங்க. கெடைக்குமான்னுதான் கேட்டேன்."

"அப்ப எப்படியும் கெடைக்கும்." முதல் தடவையாக அந்த வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பறம் எதுக்கு மறைக்கோணும்? சொல்லிப்போடறேன்."

நான் அதற்காகவா போய்க் கேட்டேன்? "ஏனுங்க, நீங்கதான் பூவெல்லாம் நம்ப மாட்டீங்களே" என்றேன்.

"நீ நம்பறியல்ல? போதும். சோத்தைப் போடு."

சாமியை நடுவில் இழுத்துவிட்டவளே நான் என்பதால் மறுத்துப் பேச வழியில்லை. அன்றைக்கு இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வைவா வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். முகத்தில் பயம் இருந்தது. ஆனாலும் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

வைவா அன்று அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், சால்வையும் லட்டுப் பெட்டிகளுமாக வந்து, என்னோடு பின்வரிசையில் உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்தவர் பாலக்காட்டுப் பக்கத்து அம்மா ஒருவர். ஆராய்ச்சியைப் படித்து நன்றாக இருக்கிறது என்று எழுதிய இருவரில் அவரும் ஒருவர். நரைத்த கூந்தல், கறுப்பு ஃப்ரேம் போட்ட கண்ணாடி.

இவர் எழுந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். "தலைப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நாலாவது அத்தியாயத்துல இருக்கற முதல் தேற்றம் தப்புங்க."

அண்ணன் என் காதில், "ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே மாப்ள முடிச்சுப்போட்டாரு" என்றார்.

அந்த அம்மா புத்தகத்தைப் புரட்டினார். வெகு நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"போன வாரமுங்க. ஊட்டுல சம்சாரத்துக்குச் சொல்லீட்டிருக்கறப்ப."

"அவங்க என்ன சப்ஜெக்ட்?"

"சமையலுங்க."

எல்லாரும் சிரித்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அண்ணனின் சால்வைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பிறகு இவர் பலகையில் எழுத ஆரம்பித்தார். தேற்றம் எந்த இடத்தில் உடைகிறது என்பதற்கு ஒரு உதாரணம் காட்டினார். எல்லா வகைக்கும் அது உடையாது என்றும் சொன்னார். ஒதுக்கிய ஒவ்வொரு கட்டிலும் ஒரு சில நாட்களை மட்டும் விட்டுக்கொடுத்தால், முடிவில்லாத கட்டுகளையும் ஒன்றாகக் கட்டிச் சேராதது என்று சொல்லிவிடக்கூடிய நல்ல குணம் சில வகைகளுக்கு உண்டாம். அந்தக் குணம் இருந்தால் தேற்றம் நிற்கும். இதை அவர் எனக்குப் பிறகு வீட்டில் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கேயும் அழிக்காமல் எழுதுகிறார் என்பது மட்டும்தான். கோவிந்தராஜுலு அய்யா சொன்னபடியே பக்கத்தில் உட்கார்ந்து, இவர் கேட்கும்போதெல்லாம் சுண்ணக்கட்டி எடுத்துக் கொடுத்தார்.

"அந்தக் குணம் இல்லேன்னா தேற்றம் கண்டிப்பா உடையுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அது இன்னும் எனக்குத் தெரியலைங்க."

"தெரிஞ்சுட்டு வாங்க." புத்தகத்தை மூடினார். "இப்போ நான் இதைப் பாஸ் பண்ண முடியாது. ரெண்டு அத்தியாயமும் திருத்தி எழுதுங்க. கெடுவை நீட்டச் சொல்லி நானே எழுதறேன். இது என் கண்ணுலயும் படலைன்னு அதுலயே எழுதறேன்."

அவ்வளவுதான். பட்டம் இல்லை. எல்லாரும் எழுந்தார்கள். லட்டைக் கொடுப்பதா, திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் அண்ணன் பெட்டிகளோடு நடுவில் நின்றார். அந்த அம்மாவே வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார்.

"தப்புக் கண்டுபுடிச்சதுக்குங்க" என்றார் அண்ணன். அந்த அம்மா இரண்டாவது லட்டும் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு முருகன் மேல் கோபம். சுந்தராபுரத்தைத் தாண்டினோமா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

"வெள்ளைப் பூதானுங்க வந்துச்சு" என்றேன்.

"ஆமா."

"அப்பறம் ஏனுங்க இப்படி ஆச்சு?"

"எப்பக் கெடைக்கும்னு கேட்டியா?"

"இல்லீங்க."

"கேக்காததுக்கு அவரு எப்படிப் பதில் சொல்லுவாரு? போய்ச் சேரும்னு சொன்னா, எந்த நேரத்துக்குன்னு சொன்ன மாதிரி ஆகாது அம்மணி. என்ற பாடத்துலயும் அப்படித்தான்." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஒரு வாரமாகத் தூங்காத தூக்கம். கிணத்துக்கடவு வந்த பிறகும் எழுப்ப மனம் வராமல், அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தோம்.

ஜூனில் கல்லூரியில் சொன்னபடியே செய்தார்கள். பொள்ளாச்சியில் ஒரு டுடோரியலில் மாலையில் மட்டும் பாடம் எடுத்தார். எங்கள் மகள் நந்திதா பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அந்த வருசத்தைக் கஷ்டமான வருசம் என்று உறவில் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காலையில் அவருக்குப் போக இடமில்லாததால் என்னோடு மலையேறினார். அத்தனை வருசத்தில் அடிவாரத்தோடு நின்றவர். சாமிக்காக வரவில்லை, காற்றுக்காகத்தான் வருகிறேன் என்பார். பாதிப் படியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, தென்னந்தோப்புகளைப் பார்த்தபடி திருத்த வேண்டியதை யோசிப்பார். பிறகு எழுந்து வந்து, மண்டபத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். சில மாதங்களில் கருவறை வாசல் வரைக்கும் வந்தார். கண்ணை மூடி நிற்பதையும் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் காற்று என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்தப் பாறையில்தான் அவருக்கு விடை கிடைத்தது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கான விடை. நான் விளக்கு வைத்துவிட்டு இறங்கும்போது, எழுந்து நின்று, "உடையுது அம்மணி, கண்டிப்பா உடையுது" என்றார், ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி. நானும் சந்தோசப்பட்டேன். உடைவது நல்லதா கெட்டதா என்று வீட்டுக்கு வந்துதான் கேட்டேன். அந்தக் குணம் இல்லாத இடத்தில் தேற்றம் கட்டாயம் உடையும் என்று நிரூபித்துவிட்டால், குணம் இருக்கிற இடத்தில் அது நிற்பதற்கு மதிப்புக் கூடுமாம்.

அடுத்த கார்த்திகையில் இரண்டாவது வைவா. அதே அம்மா வந்தார். அன்றைக்கு எழுந்து கைகொடுத்துவிட்டு, சமையல் சப்ஜெக்ட் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். பட்டம் வந்தது. பொள்ளாச்சி சாலையில் இன்னொரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

அண்ணன் அன்று பொழுதோடவே வந்துவிட்டார். "புது ஃப்ளெக்ஸுச் சொல்லட்டுங்களா மாப்ள?"

"பழசு என்னங்க ஆச்சு மச்சான்?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். முதல் வைவா முடிந்த வாரமே அதை இறக்கியவர், வீணாக்குவானேன் என்று தன் மாட்டுக் கொட்டகை மேல் கூரைக்குக் கட்டிவிட்டார். எல்லாரும் போய்ப் பார்த்தோம். படம் உள்பக்கம் பார்த்தபடி இருந்தது. கணிதச் சிங்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு, கீழே படுத்திருந்த எருமைகளைப் பார்த்துச் சிரித்தது. முனைவர் என்ற எழுத்துக்கு நடுவில் ஒரு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இதுலயும் ஓட்டைங்களா?"

"சின்னதுதானுங்க மாப்ள. கணக்குல சேராது."

"எருமை நனையுதுங்களா?"

"ஒண்ணு மட்டும் லேசா நனையுது."

"அப்பச் சேரும்" என்றார் இவர். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு பழைய சாக்கை எடுத்து வந்தார். இரண்டு பேரும் ஏணி போட்டு ஏறி அந்த ஓட்டையை அடைத்தார்கள். புது ஃப்ளெக்ஸ் பேச்சு அதோடு போயிற்று.

இப்போது எனக்கு மூட்டு வலி. சில நாட்கள் பாதி மலையோடு, அந்தப் பாறையோடு நின்றுவிடுகிறேன். கல்லூரிக்குப் போகிற அவசரத்திலும் அவர் கூட வருகிறார். என் கையிலிருந்து எண்ணெயையும் திரியையும் வாங்கிக்கொண்டு மேலே போய் விளக்கு வைத்துவிட்டு வருகிறார். நேற்று அவர் இறங்கி வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க, நான் பாதியோட நின்ன நாளெல்லாம் ஜாஸ்தியாயிட்டே போகுது. நான் இன்னும் போறவதானுங்களா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டார். கீழே பொள்ளாச்சி ரயில் போவதைப் பார்த்தார். உடனே ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இரு, சட்டத்தைப் பார்க்கோணும்" என்றார். "வெளக்கு வெச்சது யாரு?"

"நீங்க."

"எண்ணெய் யாரு ஊட்டுது?"

"நம்மூட்டுதுங்க."

"பின்ன எந்திரி, காப்பிக்கு நேரமாச்சு" என்று கையைக் கொடுத்தார்.

பிடித்துக்கொண்டு எழுந்தேன். மேலே விளக்கு எரிவது அங்கிருந்து தெரியாது. எரிகிறது என்று தெரியும்.